தாத்தா பாட்டியைத் தேடி... அயர்லாந்தின் எரிந்துபோன ஏடுகள்

தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் பலரும் சொல்லிவிடுவோம். அவருடைய அம்மா பெயர்? முக்கால்வாசிப் பேர் இங்கேயே திணறுவோம். அதற்கும் மேலே போனால் வெறும் இருட்டுதான்.

ஐரிஷ்காரர்களுக்கு இந்த இருட்டு கொஞ்சம் அதிகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கோடிக்கணக்கில் பரவிக் கிடக்கும் ஐரிஷ் வம்சாவளியினருக்குத் தாத்தா பாட்டியின் ஊரைத் தேடுவது பெரிய ஆசை. பாட்டி கப்பலேறிய கதை தெரியும், எந்தக் கிராமத்திலிருந்து கிளம்பினாள் என்பது தெரியாது. இப்படித் தேடுபவர்களுக்கு இரண்டே இரண்டு பெரிய துணைகள். ஒன்று திருமணப் பதிவேடு, இன்னொன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதாவது சென்சஸ். ஆனால் சென்சஸில் பின்னோக்கிப் போகும் எல்லோரும் 1901ஆம் ஆண்டில் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவர் எப்படி வந்தது என்பது பெரிய கதை.

அயர்லாந்தில் முழுமையான முதல் சென்சஸ் 1821ல் எடுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை. இதில் ஒரு சிறப்பு உண்டு. இங்கிலாந்தில் 1801 முதல் 1831 வரை எடுத்த சென்சஸ்களில் பெரும்பாலும் தலைகளை மட்டுமே எண்ணினார்கள், பெயர்களை அரசு கேட்கவில்லை. அயர்லாந்திலோ 1821லேயே வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். அதோடு 1841, 1851 படிவங்களில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரு அட்டவணை இருந்தது. கடந்த பத்தாண்டுகளில் இந்தக் குடும்பத்தில் இறந்தவர்கள் யார், எந்த ஆண்டில், எதனால் என்று அதில் எழுதவேண்டும்.

1851ல் கடந்த பத்தாண்டு என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். 1845ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பெரும் பஞ்சம் முழுதும் அந்தப் பத்தாண்டுக்குள் அடங்கும். சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841ல் 81 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1851ல் 65 லட்சத்து 52 ஆயிரமாகச் சுருங்கியது. செத்தவர்களில் பலருக்குக் கல்லறைக்கல்லே கிடையாது, பொதுக்குழிதான். அவர்களுடைய பெயர்களை அவரவர் வீட்டு மனிதர்கள் வாயால் சொல்ல, அரசாங்கம் எழுதி வைத்திருந்த ஏடு அந்த 1851 சென்சஸ்.

அது இப்போது இல்லை. சில சில்லறைத் துண்டுகள் தவிர எல்லாம் சாம்பல்!

1922 ஏப்ரலில், பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்காத ஐஆர்ஏ படையினர் டப்ளின் நகரின் நான்கு நீதிமன்றங்கள் என்ற மாபெரும் கட்டடத் தொகுதியைக் கைப்பற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த வளாகத்திலேயேதான் 1867ல் உருவான அயர்லாந்து பொது ஆவணக் காப்பகமும் இருந்தது. ஜூன் 28 அன்று புதிய இடைக்கால அரசு, பிரிட்டிஷாரிடமே பீரங்கி வாங்கி அந்தக் கட்டடத்தைச் சுட ஆரம்பித்தது. ஜூன் 30 அன்று பெரும் வெடிப்பு, தொடர்ந்து தீ. எழுநூறு ஆண்டுக் காகிதமும் தோலேடுகளும் எரிந்தன. கருகிய தாள்கள் காற்றில் பறந்து சில மைல் தாண்டி ஹோத் கடற்கரை வரை போய் விழுந்தன. யார் குற்றம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உள்ளே இருந்தவர்கள் வைத்த வெடிமருந்தா, வெளியே இருந்தவர்கள் வீசிய குண்டா? இரண்டு தரப்பிலும் நின்றவர்கள் ஐரிஷ்காரர்கள்தான். இரண்டு தரப்பாரின் தாத்தா பாட்டிகளும் அதே அறையில்தான் இருந்தார்கள்.

1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு சென்சஸ்களும் இப்படிப் போயின. கூடவே அங்கே பாதுகாப்புக்காக(!) கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ஏராளமானவையும் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகள் தப்பின. காரணம் எளிமையானது: யாரும் அவற்றை அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. அந்தந்தப் பங்குக் கோயில் அலமாரியிலேயே கிடந்தன.

அப்படியானால் 1861, 1871, 1881, 1891 எங்கே? இதற்குத் தீயைக் குறை சொல்ல முடியாது. 1861, 1871 படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசே உத்தரவு போட்டு அழித்துவிட்டது. கூட்டுத்தொகை கிடைத்துவிட்டது, இனி வவுச்சர் எதற்கு என்ற மனப்பான்மை! 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில், காகிதத் தட்டுப்பாட்டில், கூழாக்கப்பட்டன. ஆக, எட்டு சென்சஸ்களில் நான்கு போரில் போயின, நான்கு அலுவலகத்தில் போயின. நான்கு நீதிமன்றத் தீயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மற்ற நான்கைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மிஞ்சியவை 1901, 1911. தீப்பிடித்த கட்டடத்தில் அவை இல்லாததால் பிழைத்தன. இவ்வளவு இழந்ததாலோ என்னவோ, இருப்பதை அயர்லாந்து தாராளமாகத் திறந்து வைத்தது. பிரிட்டனில் சென்சஸ் படிவங்களுக்கு நூறாண்டுப் பூட்டு. அயர்லாந்திலோ இந்த இரண்டும் அதற்கு வெகுகாலம் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டன. 2007 முதல் 2010க்குள் தேசிய ஆவணக் காப்பகம் இரண்டையும் படிப்படியாக இணையத்தில் ஏற்றியது. கட்டணம் கிடையாது.

சரி, அந்தப் படிவத்தில் என்னதான் இருக்கிறது?

1901 மார்ச் 31 ஞாயிறு இரவு, 1911 ஏப்ரல் 2 ஞாயிறு இரவு வீட்டில் யார் யார் தங்கினார்களோ அவர்கள் எல்லோரும் அதில் உண்டு. வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கியவர்கள் போலீஸ்காரர்கள். நாட்டுப்புறத்தில் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி, தலைநகரில் டப்ளின் போலீஸ். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், மணமானவரா, எந்த மாவட்டத்தில் பிறந்தவர், ஐரிஷ் மொழி பேசுவாரா... இவ்வளவும் ஒரே தாளில். கடைசியில் குடும்பத் தலைவரின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார், அதுதான் தாத்தாவின் கையெழுத்து. நூறாண்டு கழித்துப் பேரன்கள் அந்தக் குறியைப் பார்த்துக் கண்கலங்குவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு படிவத்தில் வீட்டுக்கே மதிப்பெண்! சுவர் கல்லோ செங்கல்லோ என்றால் 1, மண் என்றால் 0. கூரை ஓடோ கற்பலகையோ என்றால் 1, வைக்கோல் வேய்ந்தது என்றால் 0. அறைகளுக்குத் தனி மதிப்பெண், முன்பக்க ஜன்னல்களுக்குத் தனி. எல்லாம் கூட்டி வீட்டை முதல் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை தரம் பிரித்தார்கள். மாட்டுக்கொட்டில், பன்றிக்கொட்டில் எத்தனை என்பதற்கும் ஒரு தாள் உண்டு. டப்ளினின் ஹென்ரியெட்டா தெருவில் 15 வீடுகளில் 835 பேர் வாழ்ந்தார்கள் என்பது 1911 படிவங்களைக் கூட்டித் தெரிந்துகொண்ட செய்திதான். ஒரு காலத்தில் பிரபுக்கள் குடியிருந்த மாளிகைகள் அவை.

இதில் ஒரு வேடிக்கை. ஊரார் எல்லோரையும் முழுப்பெயரோடு எழுதி வாங்கிய போலீஸ்காரர்கள், தங்கள் காவல் விடுதியில் தூங்கிய சக போலீஸ்காரர்களை மட்டும் பெயரின் முதலெழுத்துகளால் குறித்துவிட்டுப் போனார்கள். மனநோய் விடுதிகளில் இருந்தவர்களுக்கும் இதே முதலெழுத்துதான். போலீஸ்காரத் தாத்தாவைத் தேடுபவர்கள் வயதையும் பிறந்த மாவட்டத்தையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

1901க்கும் 1911க்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. 1911ல் மணமான பெண்களிடம் புதிதாக மூன்று கேள்விகள் கேட்டார்கள். இந்தத் திருமணம் நடந்து நிறைவான ஆண்டுகள் எத்தனை? உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை?

இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் கணக்குப் போட்டு எழுதவில்லை. ஆனால் 9 என்றும் 5 என்றும் அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தால் கழித்தல் தானாக நடந்துவிடும். குடும்பத்தில் யாருமே வாய்விட்டுப் பேசியிராத அந்த நான்கு குழந்தைகள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். விதவைகள் இந்தக் கட்டங்களை நிரப்பத் தேவையில்லை என்பது விதி. இருந்தும் பல விதவைகள் நிரப்பினார்கள். கணவன் போனாலும் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் இருக்க மனம் வருமா? அலுவலர்கள் அவற்றின் மேல் கோடு கிழித்தார்கள். நல்லவேளையாக மெல்லிய கோடு, அடியில் இருப்பதை இன்றும் படிக்கலாம்.

தேடுபவர்களுக்கு முதல் கேள்விதான் சாவி. 1911ல் பாட்டிக்கு நிறைவான மணவாழ்வு 12 ஆண்டு என்று இருந்தால், திருமணம் 1898 ஏப்ரலுக்கும் 1899 ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலும், எல்லா மதத்தாரின் பிறப்பு, இறப்பு, திருமணங்களும் 1864 ஜனவரி முதலும் அரசுப் பதிவுக்கு வந்தன. எனவே அந்த ஓராண்டுக் காலத்தின் அட்டவணையில் மணமகன், மணமகள் இருவர் பெயரும் ஒரே பக்கத்தில் வருகிறதா என்று பார்த்தால் போதும். அதிலும் பிப்ரவரி மாதத்தை முதலில் பார்ப்பது நல்லது. ஏனென்றால் தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் ஐரிஷ் கிராமங்களில் கல்யாணக் கூட்டம் அலைமோதும். ஆடி பிறப்பதற்குள் ஆனி முகூர்த்தங்களில் நம்மூர் மண்டபங்கள் நிறைவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தரகர், பெண்வீட்டார் கொடுக்கும் சீர்ப்பணம், அதற்கான பேரம் எல்லாம் அங்கேயும் உண்டு.

திருமணப் பதிவில் இருப்பவை: தேதி, இருவர் பெயர், வயது, முன்பு மணமானவரா, தொழில், வசிக்கும் இடம், இருவருடைய தந்தையர் பெயரும் தொழிலும், சாட்சிகள். வயதுக் கட்டத்தில் பல நேரம் எண்ணே இருக்காது. 'முழு வயது' என்று மட்டும் இருக்கும். 21 நிறைந்துவிட்டது, அதற்குமேல் உனக்கு எதற்கு என்று அர்த்தம்! சாட்சிகளை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அண்ணனோ தங்கையோ நெருங்கிய தோழியோதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சாதாரணமாகக் கல்யாணம் பெண்ணின் பங்குக் கோயிலில்தான் நடக்கும். ஆகவே எந்தக் கோயில் என்று தெரிந்தால் பாட்டியின் பிறந்த வீடு பக்கத்தில் வந்துவிட்டது.

இந்தப் பதிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தந்தையர் பெயர் இருக்கிறது, தாயார் பெயருக்குக் கட்டமே இல்லை. இங்கிலாந்துப் படிவத்தைப் பார்த்துச் செய்த படிவம் இது. அந்த இங்கிலாந்திலேயே 1837ல் தொடங்கிய திருமணப் பதிவில் தாயின் பெயரைச் சேர்க்க 2021 மே 4 வரை ஆயிற்று! 184 ஆண்டுகள், கல்யாணத்துக்கு வந்த இரண்டு அம்மாக்களும் சட்டப்படி கல்யாணத்தில் இல்லை. அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் பிறப்புப் பதிவுக்குப் போகவேண்டும். அதில் தாயின் கன்னிப்பெயர் இருக்கும். (அதிலும் ஒரு தமாஷ். பிறப்பைக் காலக்கெடுவுக்குள் பதியாவிட்டால் அபராதம். தாமதமாகப் போன அப்பா தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார். விளைவு, பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் அயர்லாந்தில் நிறைய உண்டு.)

தாத்தா பாட்டியின் அடுத்த தலைமுறைக்குப் போக இன்னொரு குறுக்கு வழி பிள்ளைகளின் பெயர்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர், அடுத்தவளுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி பெயர். பழைய ஐரிஷ் குடும்பங்களில் பரவலாக இருந்த வழக்கம் இது. தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், பேரன் என்று சொல்லும் மொழிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1901 படிவத்தில் பிள்ளைகளை வரிசையாகப் பார்த்தால் எரிந்துபோன தலைமுறையின் பெயர்கள் நிழலாகத் தெரியும். ஆனால் இது வழக்கம்தான், சட்டமல்ல. ஊகமாக எடுத்துக்கொண்டு திருமணப் பதிவில் சரிபார்க்க வேண்டும்.

பெயர்களே தொல்லை தருவதும் உண்டு. 1901ல் சல்லிவன் என்று எழுதிய குடும்பம், தாய்மொழிப் பற்று எழுந்த காலத்தில், 1911ல் ஓ'சல்லிவன் ஆகிவிடும். பிரிஜெட் என்ற பெண் ஒரு தாளில் பிரைடி, இன்னொன்றில் டீலியா. மூன்றும் ஒருத்தியே. ஒரே பங்கில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் ஊரின் உட்பிரிவான 'டவுன்லேண்ட்' பெயர்தான் காப்பாற்றும். அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் இருக்கின்றன. சில நூறு ஏக்கர்தான் இருக்கும் ஒவ்வொன்றும். ஆனால் தாத்தாவின் டவுன்லேண்ட் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி வயதுக்கு வருவோம். 1901, 1911 படிவங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். பத்து ஆண்டில் பாட்டிக்குப் பதின்மூன்று, பதினைந்து வயது கூடியிருக்கும்! 1901ல் 57, 1911ல் 71 என்பதுபோல. இவர் வேறு பாட்டியோ என்று தேடுபவர்கள் விட்டுவிடுவார்கள். வேறு பாட்டி இல்லை. நடுவில் ஓய்வூதியம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

1908ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது. 1909 ஜனவரி 1 முதல், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை தபால் நிலையத்தில் கிடைக்கும். அப்போது அயர்லாந்தும் பிரிட்டனோடு சேர்ந்திருந்ததால் இங்கேயும் அதே தொகை. பணமே அதிகம் பார்க்காத மேற்குக் கரையோரக் குடிசைகளுக்கு அது பெரிய வரவு. வீட்டில் வயதானவர் இருப்பது சுமையாக இருந்தது போய் வருமானமாக மாறியது.

சிக்கல் என்னவென்றால் 1909ல் எழுபது வயதானவர் 1839க்குள் பிறந்திருக்க வேண்டும். அரசுப் பிறப்புப் பதிவோ 1864ல்தான் தொடங்கியது. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஐந்து ஷில்லிங் ஆசை. அதிகாரிகள் ஊர் நினைவைத் துணைக்கு அழைத்தார்கள். 1839 ஜனவரி 6 இரவு அயர்லாந்து முழுவதையும் புரட்டிப்போட்ட ஒரு சூறாவளி அடித்தது. 'பெருங்காற்று இரவு' என்றே அதற்குப் பெயர். அந்த இரவு ஞாபகம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றால் எழுபது தாண்டியாயிற்று! அன்றைக்கு நான் கையில் உருளைக்கிழங்கு வைத்துத் தின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னவர்களின் எண்ணிக்கை ரொம்ப அதிகமாம்.

இதைவிட உறுதியான சான்று ஒன்றும் இருந்தது. அப்போது இன்னும் எரியாமல் இருந்த 1841, 1851 சென்சஸ் ஏடுகள்! விண்ணப்பிப்பவர் தன் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், 1841லோ 1851லோ குடும்பம் இருந்த மாவட்டம், பங்கு, டவுன்லேண்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். டப்ளின் காப்பகத்தில் ஓர் ஊழியர் ஏட்டை எடுத்து அந்தக் குடும்பத்தைத் தேடி, கிடைத்தால் குழந்தையின் அன்றைய வயதை அதே தாளில் குறிப்பார். சில நேரம் மொத்தக் குடும்பத்தையும் எழுதிவிடுவார். கிடைக்காவிட்டால் இல்லை என்று குறிப்பு. 1922 வரை இப்படி ஆயிரக்கணக்கில் தேடினார்கள்.

ஏடுகள் எரிந்தன. தேடல் தாள்கள் பிழைத்தன. இன்று தேசிய ஆவணக் காப்பகம் அவற்றையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பஞ்சத்துக்கு முந்தைய எத்தனையோ குடும்பங்களுக்கு 1841 சென்சஸில் இருந்ததற்கான ஒரே சாட்சி, அறுபத்தெட்டு ஆண்டு கழித்து வாரம் ஐந்து ஷில்லிங்குக்காக அவர்கள் மகள் போட்ட விண்ணப்பம்தான். திருமணப் பதிவில் இடமே கிடைக்காத அம்மாவின் பெயர் இந்தத் தாளில் கன்னிப்பெயரோடு இருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடி ஆனால்கூடப் பெற்றோர் பெயர்கள் தாளில் நின்றுவிட்டன.

காப்பகத்தின் துணைக் காப்பாளராக இருந்த ஹெர்பர்ட் வுட் என்பவர், அங்கே என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்று ஒரு வழிகாட்டி நூலை 1919ல் வெளியிட்டிருந்தார். மூன்றே ஆண்டில் அது இல்லாத பொருள்களின் பட்டியல் ஆகிவிட்டது. தீயின் நூற்றாண்டையொட்டி 2022 ஜூனில் அயர்லாந்து ஒரு மெய்நிகர் ஆவணக் கருவூலத்தைத் திறந்தது. வுட்டின் பட்டியலை இருப்புப் பேரேடு போல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் லண்டனிலோ பெல்ஃபாஸ்ட்டிலோ வேறெங்கோ ஒரு நகல், ஒரு குறிப்பு, ஒரு மேற்கோள் கிடைக்குமா என்று தேடி ஏற்றுகிறார்கள். சில வரிகள் நிரம்பியிருக்கின்றன. 1851ன் இறந்தோர் அட்டவணை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.